எல்லோருக்கும் உதவுகிறேன், ஆனால் எரிச்சலாக வருகிறது!

கேள்வி: அலுவலகத்தில் யாருக்கு வேலை தேங்கினாலும் என்னிடம்தான் தள்ளுகிறார்கள். அக்கா பிள்ளைகளை அடிக்கடி நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியானால் தோழி ஒருத்தி போனில் தன் கணவனைப் பற்றி மணிக்கணக்கில் அழுகிறாள். இப்போதெல்லாம் அவள் பெயர் போனில் வந்தாலே எரிச்சல், அப்புறம் எரிச்சல்பட்டுவிட்டோமே என்று குற்ற உணர்ச்சி. நான் சுயநலக்காரியாகிவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இது சுயநலம் இல்லை. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், அதுதான் எரிச்சலாக வெளியே வருகிறது.

இப்போது எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற 'பர்ன் அவுட்', அதாவது உழைத்து உழைத்து உடம்பும் மனசும் களைத்துப்போகிற நிலையைப் பற்றி 1974-ல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் தாங்களாக முன்வந்து உழைத்தவர்களிடம்தான் அதைக் கவனித்தார். அடுத்தவருக்கு நல்லது செய்ய ஆசையாக வந்தவர்களே கொஞ்ச நாளில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஈரமனசு இல்லாதவர்களுக்கு வருகிற கோளாறு இல்லை இது.

நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் உங்களையே கேளுங்கள்: என்னால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்ல முடிந்தும் செய்தீர்கள் என்றால் அது அன்பு, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மனசு கசக்காது. சொல்ல பயந்துபோய், என்ன நினைப்பார்களோ என்று செய்தீர்கள் என்றால், வாய் சரி என்றாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், எதிராளிக்கோ அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அது அவர்களுக்கும் நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று: அவள் கணவன் கை நீட்டுகிறவனா என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் நீங்கள் காது கொடுப்பது மட்டும் போதாது, பெண்களுக்கான உதவி மையத்தையோ ஒரு வழக்கறிஞரையோ அவள் பார்த்தாக வேண்டும், அதற்கு நீங்கள் கூடப் போவதுதான் பெரிய உதவி. அப்படி இல்லை, தினமும் அதே மனக்குறைதான் என்றால், அவளோடு சேர்ந்து நீங்களும் அழவேண்டும் என்று கட்டாயமில்லை. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகிய ஆய்வாளர்கள், அடுத்தவர் வலியைத் தானும் அனுபவிப்பதையும் அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அக்கறைப்படுவதையும் பிரித்து, தனித்தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பயிற்சியில் பங்கேற்றவர்களின் வேதனைதான் கூடியது. அக்கறைப் பயிற்சிக்குப் பிறகு அது குறைந்து நல்ல உணர்வுகள் கூடின. அதனால் அவள் துக்கத்தை உங்கள் தலையணை வரை கொண்டுபோகாமலே நீங்கள் நல்ல தோழியாக இருக்கலாம். "தினமும் ராத்திரி பேச என்னால் முடியவில்லைடி, சனிக்கிழமை காலையில் நிதானமாகப் பேசலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி சனிக்கிழமை நீங்களே போன் பண்ணுங்கள்.

அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் கேட்டதும் கிடைத்தது இல்லையா, கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும். உடனே ஓடிப்போய்ச் சமாதானம் செய்யாதீர்கள், பழைய வழக்கமே திரும்பிவிடும்.

அக்காவிடம் வாரத்தில் எந்த நாட்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மேல் உங்களுக்குப் பிரியம் இருக்கும் என்று நினைக்கிறேன், அதை விட்டுவிட வேண்டாம்.

அலுவலகம்தான் சுலபம், அதனால் அங்கேயே ஆரம்பியுங்கள். யார் வந்து கேட்டாலும் அந்த இடத்தில் சரி சொல்லாதீர்கள், "பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்று சொல்லி எழுந்து போய்விடுங்கள். மதியம் முடியாது என்று தோன்றினால் "இன்றைக்கு முடியாது" என்பதோடு நிறுத்துங்கள். தலைவலி, வீட்டில் வேலை என்று காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள், கடைசியில் அந்த ஃபைல் உங்கள் மேஜைக்கே வந்துவிடும்.