கல்லூரி வளாகத்தில் ஆர்.ஓ. இயந்திரங்கள் வீணாக்கும் தண்ணீரைக் குறைப்பது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எல்லோரும் சொல்லும் பதில், "கழிவுக் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள்" என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நீங்களும் எங்களைப் போல ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் கல்லூரி என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் விடுதியில் மாடிக்கு ஓர் ஆர்.ஓ. இயந்திரம், அதாவது மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி. அவற்றின் கழிவுநீர் விழும் இடத்தில் நந்தியாவட்டைச் செடிகளை வைத்து, 'பசுமை வளாகம்' என்று பலகையும் நட்டிருந்தார்கள். கோடையில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. வெயில்தான் காரணம் என்றார்கள். வேலூரில் எதற்கும் வெயிலைக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் குழாய்க்குக் கீழே மண் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை ஆய்வகத்திலிருந்து கொண்டுபோய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்பு, குடிக்கும் தண்ணீரில் 60, கழிவில் ஏறக்குறைய 1,200. ஆர்.ஓ. உப்பை ஒழிப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுக்கியதை நாமே செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வாளியையும் அளவு ஜாடியையும் வைத்து அளந்தபோது, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வருவதற்குள் மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போனது. வீட்டுக்கென்று செய்த சிறிய இயந்திரங்களில் இது வழக்கம்தான். இரண்டாம் மாடியில் இருந்தது அதைவிட மோசம்: தொட்டி நிரம்பிய பிறகும் கழிவுக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நீரை நிறுத்த வேண்டிய வால்வு பழுது. விடுமுறையில் ஒரு மாணவர்கூட இல்லாத நாள்களிலும் அது ஓடியிருக்கும். உங்கள் வளாகத்தில் முதலில் இதைப் பாருங்கள். தொட்டி நிரம்பியதும் கழிவு நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

அடுத்தது, எல்லாத் தண்ணீருக்கும் ஆர்.ஓ. தேவையா என்பது. உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் விரும்பத்தக்க அளவும் அதே 500தான். எங்கள் வளாகத்துக்குக் காவிரித் தண்ணீரும் வருகிறது. அது உப்புக் குறைந்த தண்ணீர். வடிகட்டிப் புற ஊதாக் கதிர் காட்டினால் குடிக்கலாம். அதையும் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) கலந்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் ஆர்.ஓ.வில் விட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு தண்ணீரும் இப்படிக் கலக்கின்றன என்று எனக்குச் சொன்னவர் எங்கள் மோட்டார் இயக்கும் அண்ணன். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வை மூடினால் எது நிற்கும் என்று அந்த வளாகத்தில் முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவரே. வரைபடம் அலுவலகத்தில்கூட இல்லை. பிரித்துவிடும் வேலையையும் அவர்தான் செய்தார். ஆனால் ஆண்டுக்கணக்காக அதே தொகுப்பூதியம். வருங்கால வைப்பு நிதி இல்லை, விடுப்பு எடுத்தால் சம்பளப் பிடித்தம். நீர் சேமிப்புக் குழுக் கூட்டத்துக்கு அவரை அழைக்கச் சொன்னேன், "அது ஆசிரியர்களுக்கான குழு" என்றார்கள். கேள்விக்குத் தொடர்பில்லாதது என்று யாராவது பின்னூட்டம் போடலாம், போடட்டும். அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நீர் மேலாண்மை பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆர்.ஓ.வே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரை எப்படி உப்பாக்கிக் கெடுத்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். அப்படிக் கெட்ட நிலத்தடி நீரைக் காய்ச்சினாலும் உப்பு போகாது, அங்கே ஆர்.ஓ. தேவை. ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் நாமும் உப்பைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

மாடிக்கு ஒன்றாக வைக்காமல் வளாகத்துக்கு ஒரே பெரிய நிலையமாக வையுங்கள். சரியாக அமைத்தால் பாதிக்கு மேல் குடிநீராக மீட்கலாம். கழிவு வால்வை இறுக்கினால் போதும் என்று பழுது பார்க்க வருபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு படிந்து மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். படிவைத் தடுக்கும் மருந்து சேர்த்த பிறகே மீட்பு அளவைக் கூட்ட வேண்டும். கூட்டும்போது கழிவின் அளவு குறையும், உப்பின் செறிவு ஏறும். எங்கள் கணக்கில் பாதியை மீட்டால் கழிவில் உப்பு 1,700-ஐத் தாண்டும்.

ஆகவே மிஞ்சும் நீரைக் கழிப்பறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாயில் கொண்டுபோங்கள், தரை துடைக்கவும் எடுங்கள். குடிநீர்க் குழாயோடு அது எங்கும் சேரக் கூடாது. தொட்டியின் மேல் 'குடிக்கவோ சமைக்கவோ உதவாது' என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். விடுதிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.