பூனை சமையல் மேடையில் ஏறாமல் பழக்குவது எப்படி?

மீன் வாங்கி வந்த நாளில் பூனை சமையல் மேடையை விட்டு இறங்குவதே இல்லை, அதைப் பழக்க முடியுமா என்பது கேள்வி. தாராளமாக முடியும். மேடையில் ஏறினால் ஒன்றும் கிடைக்காது, வேறோர் இடத்தில் உட்கார்ந்தால் கிடைக்கும் என்று அதற்குப் புரியவைப்பதுதான் பழக்குவது.

பூனைக்கு உயரம் என்றால் பாதுகாப்பு. வயல் காவலுக்குப் பரண் கட்டி உட்காருகிறோமே, அதே மாதிரிதான். மேலே இருந்தால் நாலு பக்கமும் தெரியும், நாய்க்கும் எட்டாது. அதனால் ஏற வேறு உயரம் கொடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஜன்னலோரம் பழைய ஸ்டூலில் சாக்கை மடித்துப் போட்டோம். அதில் உட்கார்ந்தால் உடனே ஒரு துண்டு மீன்.

அப்புறம் சுத்தம். கெண்டை ஆய்ந்த பிறகு ஒரு செதில் குழாயடியில் ஒட்டியிருந்தாலும் அதன் மூக்குக்குத் தெரிந்துவிடும். பத்து நாளில் ஒரு நாள் மீன் தலை கிடைத்தால் போதும், மற்ற ஒன்பது நாளும் சலிக்காமல் ஏறிப் பார்க்கும். அந்தக் காலத்தில் பாலையும் தயிரையும் உறியில் தொங்கவிட்டது இதற்குத்தான்.

ஏறிவிட்டால் கத்தாமல் தூக்கிக் கீழே விடுங்கள். வீட்டில் எல்லாரும் இப்படியே செய்ய வேண்டும். பாட்டி மட்டும் மேடையிலேயே ஊட்டினால் வேலைக்கு ஆகாது.

தண்ணீர் தெளித்தால் திருந்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் இருக்கும்போது ஏறக்கூடாது என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும், நீங்கள் கொல்லைப்பக்கம் போனதும் ஏறிவிடும்.