சறுக்கு உராய்வுக் குணகம் காண, சாய்தளத்தில் கட்டை நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்பு போதுமா?

போதாது. நழுவத் தொடங்கும் கோணம் தருவது ஓய்வுநிலை உராய்வுக் குணகம். கட்டை நகரும்போது இருக்கும் சறுக்கு உராய்வுக்குச் சாய்வைச் சற்றுக் குறைத்து, கட்டையை லேசாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். வேகம் கூடாமலும் குறையாமலும் அது இறங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் உங்களுக்கு வேண்டியது. 17 பாகைக்கு 0.306, 18 பாகைக்கு 0.325. ஒரு பாகை பிசகினாலே இவ்வளவு வித்தியாசம் என்பதால், கோணமானியை விட்டுவிட்டு உயரத்தையும் அடிநீளத்தையும் அளந்து வகுப்பது மேல்.

வேகம் சீராக இருக்கிறதா என்று கண்ணால் சொல்வதும் கடினம். அதனால் என் ஓட்டு வில் தராசுக்கே. ஆனால் கட்டையை இழுக்காதீர்கள், பலகையை இழுங்கள். தராசின் ஒரு முனையை அசையாத தாங்கியில் கட்டி, மறுமுனையில் கட்டையைக் கோத்து, அடியிலிருக்கும் பலகையை உருவுங்கள். கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும், முள்ளும் அதிகம் ஆடாது. பலகையின் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாதகமில்லை. முதல் கணத்தில் முள் எகிறுவது ஓய்வுநிலை உராய்வு. அதை விட்டுவிட்டு, பிறகு நிலைக்கும் அளவைக் குறியுங்கள். தராசு கிடைமட்டமாக இருக்கட்டும். மேல்நோக்கிச் சாய்ந்தால், கட்டையும் பலகையும் ஒன்றையொன்று அழுத்தும் செங்குத்து விசை குறைந்துவிடும்.

ஒரே அளவீட்டை வைத்து வகுத்துவிட வேண்டாம். 200 கிராம் கட்டை மேல் 200 கிராமாக எடை ஏற்றும்போது 0.5, 1.1, 1.7, 2.3 நியூட்டன் வருகிறது என்று வையுங்கள். முதல் அளவீட்டை மட்டும் கட்டையின் எடையான 1.96 நியூட்டனால் வகுத்தால் 0.26. எடைக்கு எதிராகத் தராசின் அளவை வரைந்தால், அந்த வரைபடத்தின் சரிவோ 0.31. கோடு ஆதிப்புள்ளிக்கு 0.1 நியூட்டன் கீழே வெட்டுகிறது. செங்குத்தாகத் தொங்கவிட்டுச் சுழி சரிசெய்த தராசைப் படுக்கவைத்தால் கொக்கியின் எடை வில்லை இழுக்காது, அதனால் குறைத்துக் காட்டும். சரிவை எடுத்தால் இந்தப் பிழை தானாக விலகிவிடும்.

மேசைமேல் உள்ள கட்டையில் நூலைக் கட்டி, கப்பி வழியாக மறுமுனையில் நிறையைத் தொங்கவிடும் முறையில் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: தொங்கும் எடையையே நூலின் இழுவிசையாகவும், அதையே உராய்வாகவும் எடுத்துக்கொள்வார்கள். 500 கிராம் கட்டை, 200 கிராம் தொங்குநிறை, ஓய்விலிருந்து 0.80 மீட்டரை 1.20 விநாடியில் கடந்தால் முடுக்கம் 1.11 மீ/வி². தொங்கும் எடையான 1.96 நியூட்டனில் 0.78 இரண்டு நிறைகளையும் முடுக்கவே போய்விடும். மீதி 1.18 நியூட்டனைக் கட்டையின் எடையான 4.9 ஆல் வகுத்தால் 0.24. முடுக்கத்தை மறந்தால் 0.40 வரும். கப்பியின் உராய்வும் இந்த 0.24க்குள் ஒளிந்திருக்கும் என்பதால், உண்மை மதிப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.