அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம்? கேள்வி பதில்

கேள்வி (மாணவி): கணிதம், அறிவியல், வரலாறு எல்லாவற்றிலும் 'ஆதாரம்' என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. எந்தத் துறையானாலும் நான் முதலில் பார்ப்பது, ஒரு கூற்று தவறு என்பதை அங்கே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான். கணிதத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு போதும். 12-ஐ 2×2×3 என்று பிரித்தால் பகாக் காரணிகள் மூன்று, அதாவது ஒற்றைப்படை. 2 முதல் எந்த எண்ணை எல்லையாக வைத்தாலும், அதுவரையுள்ள எண்களில் இப்படி ஒற்றைப்படையாக வருபவை பாதிக்குக் குறையாது என்று 1919-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா ஊகித்தார். கோடிக்கணக்கான எண்கள் வரை அது பிசகவே பிசகாது. ஆனாலும் தவறு என்று 1958-இல் நிறுவப்பட்டது. முதன்முதலாகப் பொய்க்கும் இடம் 90,61,50,257 என்பது 1980-இல் தெரியவந்தது. 'பார்த்தவரை சரி' என்பதைக் கணிதம் ஏன் ஏற்பதில்லை என்று இப்போது விளங்கும்.

கேள்வி (பொறியாளர்): அறிவியலே 'பார்த்தவரை சரி' என்பதுதானே? அதை எப்படி நம்புவது?

பதில்: அருமையான கேள்வி. யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகியது. கண்ணுக்குப் படாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு உண்டு. 1859-இல் லெவெரியே அதே தர்க்கத்தைக் கையாண்டு, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள், பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை! நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அளவிலான அந்தப் பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் விளக்கியது.

அதே ஆள், அதே முறை. ஒரு முறை வெற்றி, ஒரு முறை தோல்வி. ஆனால் இரண்டு முறையும் 'இங்கே பாருங்கள்' என்று வானத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். பொய்த்துப்போகத் துணிந்த கூற்று அது. என் நம்பிக்கைக்கு அதுவே காரணம்.

கேள்வி: வரலாற்றில் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாதே?

பதில்: தடயம் பேசும். 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு ரோமானியப் பேரரசை ஆளும் உரிமையைப் போப்புக்கு அளித்ததாக ஓர் ஆவணம் இருந்தது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் நடையைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். ரோமானியப் பிரமுகர்களைப் பாரசீக ஆளுநர்களுக்குரிய 'சத்ரப்' என்ற பெயரால் அது குறித்தது. 4ஆம் நூற்றாண்டு ரோமில் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். போலி என்று முடிவாயிற்று.

கேள்வி: ஒரு மருந்தில் என் உறவினர் மூவருக்குக் குணமானது. இது போதாதா?

பதில்: போதாது. மருந்து இல்லாமலே அவர்கள் குணமாகியிருப்பார்களா என்பது தெரியாது. 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்றவர்களே விரைவில் தேறினர். ஒப்பிட ஆள் இருந்ததால்தான் அது தெரிந்தது.

கேள்வி (இல்லத்தரசி): எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை பிறர் சொன்னவை. அது அறிவாகுமா?

பதில்: ஆகும், அம்மா. உங்கள் பிறந்த தேதியே பிறர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். சொல்பவர் தவறினால் அது வெளிப்பட வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செய்முறையை வெளியிட்டு, பிறர் திரும்பச் செய்து பார்க்க இடம் கொடுக்கும் ஆய்வாளரை நான் ஏற்கிறேன். முடிவை மட்டும் சொல்லி வழியை மறைப்பவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் ஏற்பதில்லை.