அலாரம் அடித்தால் பெயரிங்தானா?

கேள்வி: கிராண்ட்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை செய்கிறேன். விசிறி மோட்டரில் அதிர்வு சென்சர் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு கிழமையாகச் சிவப்பு விளக்கு எரிகிறது. தொட்டால் சூடில்லை. எங்கள் மூத்த பாஸ் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், கொழும்பு 14

பதில்: இரண்டு பேரையும் முழுசாக நம்பாதீர்கள், தம்பி. காய்ச்சல் என்பது வேறு, டெங்கு என்பது வேறு அல்லவா? சிவப்பு விளக்கு காய்ச்சலை மட்டும்தான் சொல்லும்.

சூட்டை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். பெயரிங் (மோட்டர் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம்) கையைச் சுடும்போது அநேகமாகக் காரியம் கைமீறியிருக்கும். அதிர்வு அதற்கு வெகு முன்னரே மாறிவிடும். பாஸின் காது நல்ல காதுதான். ஆனால் தொழிற்சாலை இரைச்சலில் சின்னத் தட்டல் அதற்கும் எட்டாது.

கணினியில் ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாருங்கள், அதாவது நொடிக்கு எத்தனை தடவை என்று அதிர்வைப் பிரித்துக் காட்டும் வரைபடம். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டர் சுமையோடு நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 24. அந்த 24இல் மட்டும் கோடு உயர்ந்து நின்றால் விசிறி இலையில் தூசி ஏறிச் சமநிலை கெட்டிருக்கலாம். அதன் இரட்டிப்பான 48இலும் எழும்பினால் மோட்டரையும் விசிறியையும் இணைக்கும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரிங்கின் வெளி வளையத்தில் குழி விழுந்திருந்தால், குண்டுகளின் எண்ணிக்கையை நொடிக்கான சுற்றால் பெருக்கி அதில் 0.4 பங்கு எடுங்கள். 6205 பெயரிங் என்றால் பொதுவாக 9 குண்டு. 87 ஹேர்ட்ஸ் பக்கம் வரும். குழி சின்னதாக இருக்கும்போது அந்த இடத்தில் நேரே தெரியாமலும் போகும். மென்பொருளில் சின்னத் தட்டல்களைத் தனியே காட்டும் 'என்வலப்' என்று ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

இதெல்லாம் சரி, ஒரு விஷயம். நான் இரத்மலானையில் வேலை பார்த்த காலத்தில் இதே மாதிரி ஓர் அலாரம். பெயரிங்கை மாற்றினோம், நிற்கவில்லை. பஞ்சிகாவத்தைக்கு ஆளனுப்பி வேறொன்று வாங்கி, அதையும் மாற்றினோம். கழற்றிய இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. அப்புறம்தான் பார்த்தோம், சென்சரின் திருகாணி தளர்ந்து அதுவே ஆடிக்கொண்டிருந்தது! அந்தப் பெயரிங்கில் ஒன்று இன்றைக்கும் என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஆகவே நாளைக் காலை மோட்டரை நிறுத்திவிட்டு, முதல் வேலையாகச் சென்சரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால், ஸ்பெக்ட்ரத்தோடு மோட்டர் தகட்டில் உள்ள சுற்று எண்ணையும் பெயரிங் இலக்கத்தையும் எழுதி அனுப்புங்கள்.