மஞ்சள் கண்ணாடி வாங்காதீர்கள்

இரவில் எதிர் வண்டிகளின் வெளிச்சம் கூசுகிறது, ஓரமாக நடந்தவர் கடைசி நொடியில்தான் தெரிந்தார், மஞ்சள் மூக்குக்கண்ணாடி போட்டால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவாது. கூச்சத்தோடு சேர்த்து, உங்களுக்குத் தேவையான வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும். கறுப்புச் சட்டை போட்டு ஓரமாக நடப்பவர் இன்னும் மறைந்துபோவார். முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள். பலர் வெளிப்பக்கத்தை மட்டுமே கழுவுகிறார்கள். உள்ளே படிந்த படலமும் ஒளியைச் சிதறடிக்கும். வண்டி நெருங்கும்போது அதன் விளக்கைப் பார்க்காமல், உங்கள் பக்கச் சாலையோரக் கோட்டைப் பாருங்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் வேகம் என்றே நினைக்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் கூச்சம் தீராவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பநிலைக் கண்புரையாகக்கூட இருக்கலாம்.