ஜப்பானியத் திருவிழாவும் வாளைப்பழமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விருப்பப் பாடமாக ஜப்பானிய மொழியை எடுத்தவள், இப்போது அங்கே மாணவர்கள் நடத்தவிருக்கும் ஜப்பானிய மொழி, பண்பாட்டுத் திருவிழாவின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறாள். மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். தூரிகை எழுத்துக்கூடம் அவள் பொறுப்பு. வரவேற்பறை முழுவதும் மை தோய்ந்த தாள்கள். யுகாத்தா என்ற ஜப்பானிய உடையை உடுத்திக் குனிந்து வணங்கப் பழகுகிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு என் அப்பாவின் நினைவு வந்துவிடுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு ஒன்பது வயது. காவற்சாவடியில் குனியாமல் நடந்ததற்காகக் கன்னத்தில் அறை வாங்கியவர். பள்ளிக்கூடத்தில் இச்சி, நி, சான் என்று எண்ணக் கற்றுக்கொண்டு, பிறகு சாகும்வரை அந்தச் சொற்களை வாயில் எடுக்காதவர். அவருடைய சித்தப்பா சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. இவற்றையெல்லாம் நான் மகளிடம் சொன்னதில்லை.

தமிழ் நிகழ்ச்சி எதற்கும் அவள் வருவதில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கே பேசப் பயமா இருக்கும்மா" என்கிறாள். திருவிழாவுக்கு என்னை அழைத்திருக்கிறாள். போகலாமா என்று தெரியவில்லை. என் வருத்தத்தில் நியாயம் இருக்கிறதா, இல்லை, நான் பழைய ஆளாகிவிட்டேனா?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் அப்பா. உங்கள் மகள் கூடம் அமைக்கப்போகும் அந்த மேட்டுநிலத்தை 1942இல் பாசிர் பாஞ்சாங் முகடு என்றுதான் அழைத்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 13, 14 ஆகிய தேதிகளில் மலாய்ப் படைப்பிரிவு அங்கே ஜப்பானியரை எதிர்த்து நின்றது. புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னான் சைடியும் அவருடைய வீரர்களும் மடிந்தார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. ஊரின் பெயர் சியோனான் ஆனது, கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன, ஆண்டுக் கணக்குகூட ஜப்பானிய முறைப்படி 2602 என்று மாறியது. உங்கள் அப்பா எண்ணக் கற்றுக்கொண்ட வகுப்பு அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. மலாயாத் தோட்டங்களிலிருந்து 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மாண்டதும் அதே ஆட்சியில்தான். அந்த ஆட்சியின்போதே, 1943 அக்டோபர் 21 அன்று, கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தபோது, அவர் பின்னால் திரண்டவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஒரே குடும்பத்தில் ஒருவர் ரயில் பாதைக்கும் இன்னொருவர் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்கும் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே உங்கள் வருத்தத்தைப் பழைய ஆளின் வருத்தம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வகுப்பு வேறு, உங்கள் மகளின் வகுப்பு வேறு. அவள் படிக்கும் வளாகத்தில் ஜப்பானியவியல் துறை தொடங்கப்பட்டது 1981இல். அன்று முதல் அங்கே அம்மொழியைப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் தாமாக வந்தவர்கள். உங்கள் அப்பாவைக் குனியச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். அவள் தன் கூடத்துக்கு வருகிறவரை வரவேற்கக் குனிகிறாள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அப்பா பட்ட அடியும் அதன் பொருளை இழந்துவிடும் என்பது என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: "அங்கே பேசப் பயமா இருக்கும்மா." போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதமே அந்த வரிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய திருவிழா ஒன்றுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். ஜப்பானில் இதைப் 'புங்க்காசாய்' என்கிறார்கள், பண்பாட்டு விழா என்று பொருள். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், பெரும்பாலும் நவம்பர் 3 ஆகிய பண்பாட்டு நாளையொட்டி, மாணவர்கள் தாங்களே கடை போட்டு, தாங்களே நூடல்ஸைக் கருக்கி, தாங்களே விற்று, தாங்களே கூட்டிப் பெருக்கி நடத்துவது. நான் போனதும் அதே அச்சுதான். தலைமை விருந்தினர் இருந்தாரா என்றே தெரியவில்லை, இருந்திருந்தால் அவரும் எங்களோடு வரிசையில் நின்றிருப்பார். மேடை ஒரு மூலையில் கிடந்தது, கூட்டமெல்லாம் கூடங்களில். யுகாத்தா உடுத்தும் கூடத்தில் ஒரு சீன மாணவி, இடப்பக்க விளிம்புதான் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை என்று சொல்லிக்கொண்டே தவறான பக்கத்தை மேலே போட்டுவிட்டு, நாக்கைக் கடித்து, தானே சிரித்துக்கொண்டு பிரித்துக் கட்டினாள்.

எழுத்துக்கூடத்தில் இருந்தவர் நம் பையன், முதலாம் ஆண்டு. என் பெயரை, அயல்மொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான காத்தாக்கானாவில் எழுதித் தருகிறேன் என்றான். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அம்மொழியில் ழ இல்லை, ள இல்லை, ல இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ர ஒன்றுதான். தமிழையே அவர்கள் 'தமிரு' என்றுதான் எழுதுகிறார்கள். பையன் தூரிகையை எடுத்து எழுதினான். கோடுகளின் வரிசை பிசகியது போலும். பக்கத்தில் நின்ற மூத்த மாணவர் ஒரு சொல்லும் பேசாமல், இன்னொரு தாளை எடுத்து, அதே எழுத்தைத் தாமும் மெதுவாக எழுதினார். பையன் பார்த்தான், மறுபடி எழுதினான். ஆசிரியை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பையனுக்குத் தெரிந்தது அதிகம் போனால் இருநூறு சொற்கள் இருக்கும். அந்த இருநூறை வைத்துக்கொண்டு அவன் அன்று முழுவதும் அந்த மொழியின் பிரதிநிதியாக நின்றான்.

அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, ஒரு தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு நான் நடுவர். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பாட்டியின் வீட்டைப் பற்றி மிக நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். கொல்லையிலிருந்த வாழையைப் பற்றிச் சொல்லும்போது 'வாளைப்பழம்' என்றாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசைக்கும் போயிற்று. அவள் ஒரு கணம் நின்று, மிச்சத்தை ஓட்டமாக ஓடி முடித்தாள். உச்சரிப்புக்கான கட்டத்தில் நானும் மதிப்பெண்ணைக் குறைத்தேன். விதி அப்படி. கூட்டம் முடிந்து சிற்றுண்டி மேசையருகே தேடினேன், போய்விட்டிருந்தாள். அடுத்த ஆண்டும் அவள் வரவில்லை. உங்கள் மகள் பயப்படுவதற்கு எங்கோ நானும் ஒரு காரணம், ம. என்னைப்போல் இந்த ஊரில் பலர்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஜப்பானியர் ஒருவர் மேடையேறி 'தமிள் வணக்கம்' என்றால் அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்ட நொபொரு கராஷிமாவைப் போன்ற அறிஞருக்கு அந்த மரியாதை முற்றிலும் தகும். நான் சொல்வது அவரைப் பற்றியல்ல, சுற்றுலா வந்து இரண்டு சொல் கற்றுக்கொண்டவருக்கும் நாம் தட்டும் கையைப் பற்றி. வெளியாளின் பிழை நமக்கு அன்பாகத் தெரிகிறது. வீட்டுப் பிள்ளையின் பிழையோ குலத்துக்கு வந்த இழுக்காகத் தெரிகிறது. வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் இந்நாட்டில் 2010இல் 100க்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சிரிப்பதற்கு நமக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறதென்று எனக்குப் புரியவில்லை. திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ழகரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த மூத்த மாணவர் செய்ததும் திருத்தம்தானே. பக்கத்தில் இன்னொரு தாளை வைத்துச் செய்தார்.

இன்னொன்று, இதை உங்கள் மகளிடமே சொல்லலாம். ஜப்பானிய வகுப்பில் அவள் மற்றவர்களைவிடச் சற்று விரைவாக முன்னேறுகிறாள் என்றால் காரணம் வீட்டில் இருக்கிறது. 'தபெத்தே மிரு' என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விளக்க ஆசிரியர் பாடுபட வேண்டும். தபெத்தே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். 'சாப்பிட்டுப் பார்', தீர்ந்தது. 'கத்தே ஒகு' நம்முடைய 'வாங்கி வை'. 'மொத்தே குரு' நம்முடைய 'கொண்டு வா'. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், கேள்வி கேட்க வேண்டுமானால் வாக்கியத்தின் வாலில் நாம் ஆகாரத்தைச் சேர்ப்பதுபோல் அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். கொரே, சொரே, அரே, தொரே என்று நான்காகச் சுட்டுவார்கள்: என்னருகில் உள்ளது, உன்னருகில் உள்ளது, இருவருக்கும் தொலைவில் உள்ளது, எது என்று கேட்பது. நாம் 'உது'வைத் தொலைத்துவிட்டதால் இது, அது, எது என்று மூன்றோடு நிற்கிறோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் உது இன்னும் உயிரோடிருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பாடம் கரும்பு. அரிச்சுவடியும் அப்படித்தான். அவர்களுடைய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று இறங்குகிறது. அந்த ஹகரம் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது. ப என்று வைத்து வாசித்துப் பாருங்கள், நம் வரிசை தெரியும். வடமொழி எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலி வரிசை அங்கே போய்ச் சேர்ந்ததன் தடம் அது.

உடனே, ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் யாரேனும் அனுப்பினால் தயவுசெய்து அவளுக்கு அனுப்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற பெரிய ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும்கூட இதுபோன்ற வாக்கிய அமைப்பு உண்டு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வாசல் இருப்பதால் இரண்டு வீட்டாரும் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். உள்ளே நுழைவது எளிதாக இருக்கும், அதுவே அவளுக்குப் போதுமான லாபம்.

அந்தத் திருவிழாவில் நான் அதிக நேரம் நின்றது சீட்டு விளையாட்டுக் கூடத்தில். கருத்தா என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நூறு கவிஞரின் நூறு பாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்தடி. ஒருவர் பாடலைத் தொடக்கத்திலிருந்து இசையோடு வாசிப்பார், ஆடுபவர்கள் கடைசி இரண்டடி எழுதிய அட்டையைத் தரையில் தேடி அடித்து எடுக்க வேண்டும். தேர்ந்தவர்கள் முதல் அசை காதில் விழுந்ததுமே அட்டையைப் பறக்கவிடுகிறார்கள். எண்ணூறு ஆண்டுப் பழைய கவிதையைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முழங்காலில் விழுந்து தட்டிப் பறிப்பதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நம் குறளுக்கு இதற்கென்றே அளவெடுத்த உடம்பு: மேலடியில் நான்கு சீர், கீழடியில் மூன்று. மேலடியை ஒருவர் வாசிக்க, கீழடி அட்டையைப் பறிப்பது. நூறு குறள் போதும். ஒப்பிக்கச் சொல்லிப் பரிசு கொடுப்பதைவிட இது நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அட்டை அடிக்க ஆகும் செலவை நானே ஏற்கிறேன், நடத்துவதற்கு நாலு பிள்ளைகள் கிடைத்தால். இத்தகைய கூடம் நடத்தப் பழகிய ஒரு தமிழ்ப் பெண் ஈசூனில் இருக்கிறாள் என்று இப்போது தெரிந்துவிட்டது. கேட்டுப் பாருங்கள். மேடையில் பேசச் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்ததாகவும் சொல்லுங்கள்.

திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். அவள் கூடத்தில் வரிசையில் நின்று உங்கள் பெயரை எழுதி வாங்குங்கள். கூட்டம் கலைந்தபின் அவளை புக்கிட் சண்டுவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அதே முகட்டில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பழைய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. காவற்சாவடியையும் இச்சி, நி, சானையும் சயாமுக்குப் போன அந்தச் சித்தப்பாவையும் அங்கே வைத்து அவளிடம் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அவள் இடையில் ஏதாவது கேட்பாள், அநேகமாகப் பாதி ஆங்கிலத்தில், ழகரம் பிசகி. கேட்கட்டும்.

அன்புடன்.